அக்காவைத் தேடி வந்தவர்

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் அப்பா சொன்னார். எனக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிறைச்சிக் கறியிலிருந்த எலும்பொன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஒரு அக்கா இருக்கிறா. அடுத்த கிழமை வாறா. உன்ரை அறையிலைதான் படுப்பா" என்றார்.

நான் எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே அம்மாவைப் பார்த்தேன். அந்த வீட்டில் அதுவரை நான்தான் ஒரே பிள்ளை. அம்மா எனக்கு முகம் கொடுக்கவில்லை. எழுந்து போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ஒரு சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அந்தக் கடைக்கு வருகிறவர்களுக்கு அம்மாதான் பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். அன்று பின்னேரம் வரை மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நான் போய்ப் பார்த்தேன். ஊசியில் நூல் இல்லை. மஞ்சள் துணி முழுக்க வரிசை வரிசையாக ஓட்டைகள்.

அம்மாவுக்கும் அந்த விஷயம் அதற்கு முந்தின நாள்தான் சொல்லப்பட்டது என்று பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்பா பிரான்சுக்கு வருவதற்கு முன் அமெரிக்காவில் படித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒக்லஹோமா என்ற மாநிலத்தில், படித்துக்கொண்டே நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் வேலை செய்தார். அந்த விடுதியில் அறைகள் துப்புரவாக்கிய, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்தார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை பிறந்து ஒரு வருடத்தில் அந்தப் பெண் கார் விபத்தில் இறந்துபோனாள். அப்பா கைக்குழந்தையை அவளுடைய தாய் தகப்பனிடம் விட்டுவிட்டு பாரிசில் இருந்த சிநேகிதர் ஒருவரிடம் வந்து சேர்ந்தார். பிறகு அம்மாவைக் கட்டினார். பிறகு நான் பிறந்தேன். இடைப்பட்ட காலமெல்லாம் தெருவில் தொலைபேசி அட்டை வாங்கி, வெளியிலேயே நின்று அமெரிக்காவுடன் பேசிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல மேலே வந்திருக்கிறார்.

அப்பாவே அமெரிக்கா போய் அக்காவைக் கூட்டி வந்தார். ஆடி மாதத்து வெயிலில் அவள் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்டிருந்தாள். பதினொரு வயது. எங்கள் நிறம். தலைமுடி கறுப்பாக, வளைவே இல்லாமல் நேராக இறங்கியது. அப்பாவின் மூக்கு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. அதைக் கண்டதும் அம்மா குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றிரவு இடியப்பமும் சொதியும். நாங்கள் எப்படிக் கையால் குழைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து அவளும் குழைத்துச் சாப்பிட்டாள். முடித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "வடோ" என்றாள். அம்மாவுக்கு அது மனத்தில் கிடந்திருக்கிறது. அடுத்த நாள் உழுந்து ஊறப்போட்டு அரைத்து வடை சுட்டுக் கொடுத்தார். அக்கா ஒன்றைக் கடித்து, மறுபடியும் "வடோ" என்றாள். அம்மா இன்னும் இரண்டு வைத்தார். அவள் திரும்பவும் சொன்னாள். அப்பா வேலையால் வந்துதான், அது அவர்களுடைய பாஷையில் 'நன்றி' என்று விளக்கினார். அம்மா அக்காவைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எனக்குச் செவ்விந்தியர் என்றால் பள்ளிக்கூடப் படங்களில் வருகிறவர்கள். தலையில் இறகு, கையில் வில். ஒரு பின்னேரம் அவளிடம், "உன்ரை இறகு எல்லாம் எங்கை?" என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டில் கோழி இருக்கிறது. அடுத்த முறை பிடுங்கிக்கொண்டு வருகிறேன்" என்றாள். அவள் பகிடி விடுகிறாள் என்பதே எனக்கு அப்போது விளங்கவில்லை.

பங்க் கட்டிலின் மேல்தட்டில் அவள், கீழே நான். வந்த முதல் மாதங்கள் முழுக்க அவள் தன் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தொடக்கத்தில் ஆங்கிலம், பிறகு பள்ளிக்கூடத்தில் பிடித்த பிரெஞ்சு, இடையிடையே என்னிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பொறுக்கிய தமிழ். கிரவல் ரோட்டு முடிகிற இடத்தில் வீடு. பின்னால் ஓடை. ஓடைக் கல்லைப் புரட்டினால் சின்ன இறால் மாதிரி ஒன்று வாலால் பின்பக்கமாகப் பாயும். அதைப் பிடித்துப் பொரிப்பார்கள். பனி விலகுகிற நாட்களில் பாட்டியோடு காட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயத்தாள் மாதிரி முளைத்திருப்பதைக் கிண்டி எடுத்து, முட்டையோடு வறுத்துச் சாப்பிடுவார்கள். காட்டு மரத்துக் கொட்டைகளைக் குடைந்த மரக்குற்றியில் போட்டு இடித்து, உருண்டை பிடித்து, சுடுதண்ணீரில் கரைத்துக் கூழ் காய்ச்சுவார்கள். 'குடைந்த மரக்குற்றி' என்றதும் அம்மா அடுத்த அறையிலிருந்து, "அது உரல்தானே" என்றார். தாத்தா சோளம் பயிரிடுவார், சண்டைப் போட்டி தொலைக்காட்சியில் வந்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார், ஞாயிறுகளில் தேவாலயத்தில் செரோக்கியில் பாடுவார். வீட்டுக்குள் தாத்தா பாட்டி அவளோடு செரோக்கியில்தான் பேசுவார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் காது கேளாதவர்கள் மாதிரி இருப்பார்களாம்.

தாத்தாவை அவள் கூப்பிடுகிற சொல் 'எடுடா' என்பதுபோலக் கேட்கும். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான், "எதை எடுக்கிறது?" என்று கேட்டுச் சிரிப்பேன். அது பகிடி என்று விளங்கியபின் அவளும் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மாறுவேட நாள் வந்தது. "நீ உங்கள் ஆட்களின் உடுப்பில் வா" என்று ஆசிரியை ஆசையாகச் சொல்லியிருக்கிறார். அக்கா ஜீன்சும் கட்டம் போட்ட சேர்ட்டும் ரப்பர் சப்பாத்துமாகப் போனாள். ஏன் உடுத்தி வரவில்லை என்று ஆசிரியை கேட்க, "உடுத்தித்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தாத்தாவுக்கு அழைப்பெடுத்துக் கொடுப்பார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார். "இங்கிலிசிலை கதை. எனக்கும் விளங்கோணும்" என்பார். அவள் இரண்டு வசனம் ஆங்கிலத்தில் சொல்லுவாள். பிறகு தன்பாட்டில் செரோக்கிக்குப் போய்விடுவாள். ரயில் பாலம், யானைமுகச் சாமி, மெற்றோ நிலையத்தின் பெயர் என்று தான் இருக்கிற இடத்தைப் பற்றியெல்லாம் தாத்தாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் நெற்றி சுருங்கும். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முந்தி அந்த அழைப்புகள் நின்றன. ஒருநாள் அட்டை முடிந்துவிட்டது என்றார். அடுத்த ஞாயிறு, லைன் கிடைக்கவில்லை என்றார்.

பிறகு ஒரு பின்னேரம் எங்கள் மூவரையும் இருத்தி வைத்து, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார்.

"பாட்டிக்கு ஏலாமப் போச்சு. ரெண்டு பேரையும் வயோதிபர் இல்லத்திலை சேர்த்தாச்சாம். அங்கை ஃபோன் இல்லை. உன்னை இனிப் பாக்க ஏலாது, இஞ்சையே வைச்சிருக்கச் சொல்லிப்போட்டினம். இனி இதுதான் உன்ரை வீடு."

அக்கா அழவில்லை. "நாய் யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் வைச்சிருக்கினம்."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு கட்டிலின் மேல்தட்டிலிருந்து கதைகள் வரவில்லை. நான் கேட்டாலும், "மறந்துபோச்சு" என்றாள். அந்தச் சொல்லைத் தமிழிலேயே சொன்னாள். அம்மா தினமும் அவளை மடியோடு இருத்திச் சீப்பால் தலை இழுத்துவிடத் தொடங்கினார். அவள் அம்மாவைச் 'சின்னம்மா' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

வசந்தகாலத்தில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா மெஷினில் இருந்தார். கதவு தட்டுப்பட்டது. நான்தான் திறந்தேன்.

கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கிற அண்ணை மூச்சு வாங்க நின்றார். அவருக்குப் பின்னால் வயதான ஒருவர். கறுத்து மெலிந்த முகம், நரைத்த தலையில் ஒரு தொப்பி, கட்டம் போட்ட சேர்ட், தோளில் ஒரு பை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் புதிதாக வந்திறங்கியதுபோல இருந்தார்.

"அக்கா, உங்கடை ஆள் ஆரோ வந்திருக்கிறார்" என்று கடைக்கார அண்ணை உள்ளே அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நான் ஊராள் எண்டு நினைச்சு, கடைக்குள்ளை இருத்தித் தேத்தண்ணியும் குடுத்து, கனநேரம் கதைச்சுப்போட்டன். மனுசன் தலையாட்டிக்கொண்டு இருந்திது. பிறகுதான் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பாத்தா, உங்கடை மூத்த பிள்ளை."

பெரியவர் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "சீயோ" என்றார்.

அது செரோக்கியில் வணக்கம். அக்கா எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். வயோதிபர் இல்லத்தில் கிடப்பதாகச் சொல்லப்பட்ட ஆள் மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நிற்கிறார்.

அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. தாத்தா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அம்மா பிறகு சொன்னார். கோடை விடுமுறைக்கு என்று சொல்லித்தான் அப்பா பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றிருக்கிறார். நத்தாருக்கு முந்தி, பிள்ளைக்கு இங்கே பிடித்துவிட்டது, உங்களோடு பேச அவளுக்கு விருப்பமில்லை என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அப்பாவின் இலக்கமே வேலை செய்யவில்லை. அக்கா முன்பு சொல்லியிருந்த ரயில் பாலத்தையும் மெற்றோ நிலையத்தின் பெயரையும் வைத்துத்தான் தாத்தா தேடி வந்திருக்கிறார்.

"வயோதிபர் இல்லம்?" என்று அம்மா கேட்டார்.

தாத்தாவுக்கு விளங்கவில்லை. அம்மா திரும்பவும் கேட்டார். எந்த இல்லம் என்று அவர் கேட்டார். பாட்டி வீட்டில்தான் இருக்கிறாள், கால் வீக்கத்தால் விமானத்தில் வர முடியவில்லை, தொலைபேசி இலக்கமும் பழைய இலக்கமேதான் என்றார்.

அம்மா தரையில் இருந்துவிட்டார். கதிரை பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் தரையில்தான் இருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாத்தாவின் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு அக்கா வந்தாள். பையோடு உள்ளே வந்தவள் தாத்தாவைக் கண்டு நின்றாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். தாத்தாவும் அதைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டியிருந்தார். அவளுடைய முகம் சாம்பலாகியது. அவரைக் கடந்து போய்க் கழிப்பறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டாள்.

வேண்டாம் என்று தன்னைக் கைவிட்டவர் இப்போது எதற்கு வந்து நிற்கிறார் என்றுதான் அவள் நினைத்தாளாம்; பின்னாளில் அவளே எனக்குச் சொன்னாள்.

தாத்தா அந்தக் கதவுக்கு வெளியே, ஒடுங்கிய நடைவழியில் காலை நீட்டி உட்கார்ந்து பேசத் தொடங்கினார். செரோக்கியில், சத்தம் உயராமல், நிறுத்தாமல் பேசினார். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டி தேவாலயத்தால் வந்து தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கோப்பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள் என்றாராம். நாய் குட்டி போட்டிருக்கிறது, மூன்றுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறோம் என்றாராம். தேவாலயத்துச் சனங்கள் எல்லோரும் சேர்ந்துதான் தன்னை விமானம் ஏற்றி அனுப்பினார்கள் என்றாராம். பிறகு உள்ளேயிருந்து அவளுடைய குரல் ஒரேயொரு சொல் கேட்டது. தாத்தா பதில் சொன்னார். பூட்டுத் திறந்தது.

அப்பா தான் வேலை செய்த ரெஸ்ரோறன்ரில் மதியச் சமையல் முடித்து, இரவுச் சமையலுக்குப் போகுமுன் வீட்டுக்கு வருகிற நேரம் அது. கையில் அங்கிருந்து கொண்டுவந்த நீளமான பாண் ரொட்டி. கதவைத் திறந்து, நடையில் அக்காவும் தாத்தாவும் ஒருவரையொருவர் பிடித்தபடி தரையில் இருப்பதைக் கண்டார். கோபிக்கவில்லை, அதிரவுமில்லை. பாணை மேசையில் மெதுவாக வைத்தார்.

தாத்தா எழுந்தார். "அவள் வேண்டாம் என்று நான் சொன்னேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாத்தா அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்டார்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, "நீ உள்ளை போ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

"நான் போகேல்லை. இஞ்சைதான் நிப்பன்" என்றார் அம்மா. "அந்த மனுசன் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"அவள் என்ரை பிள்ளை. என்ரை பிள்ளையை நான் வைச்சிருக்கிறதுக்கு ஆரிட்டைக் கேக்கோணும்?"

"ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. ஆனா எல்லாருக்கும் பொய் சொல்லித்தானே வைச்சிருந்தனியள்? எனக்கும் சொன்னியள். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரேல்லை. களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறியள்."

அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அப்போதுதான் அக்கா அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். அவரோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், அன்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, ஃபோன் இருந்ததோ?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். கீழே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். பிறகு கை கழுவி, சேர்ட் மாற்றிக்கொண்டு இரவு வேலைக்குப் போய்விட்டார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகிற அப்பா. எனக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய முழித்திருக்கிற அப்பா. அவர் எனக்குச் சொன்னவற்றில் எது உண்மை, எது பொய் என்று கட்டிலில் கிடந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்றுமே நிலைக்கவில்லை. கடைசியில் எழும்பிப் போய் அம்மாவிடம், "நீங்கள் என்ரை அம்மாதானே?" என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதையாதை" என்றார் அம்மா. சொல்லிவிட்டு என்னை எலும்பு நோக இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தாத்தா ஒரு கிழமை எங்களோடு தங்கினார். செரோக்கிகளுக்குப் பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அவர் அக்காவை உடனே வா என்று இழுக்கவில்லை. நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவள் முடிவெடுக்கும் வரை பொறுத்திருந்தார். பகலில் அம்மாவோடு தெருவுக்குப் போனார். போகிற இடமெல்லாம் சனம் அவரோடு தமிழில் பேசியது. அவரும் பொறுமையாகத் தலையாட்டினார். மரக்கறிக் கடையில் வெண்டிக்காயைக் கண்டதும் கையில் எடுத்து ஒன்றை முறித்துப் பார்த்து, தன் மனைவி இதைச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பாள் என்றார். அம்மா அதேபோலப் பொரித்துக் கொடுத்தார். அப்பா அந்தக் கிழமை முழுக்க அவர் இருந்த மேசையிலேயே இருந்து சாப்பிட்டார். உப்பைத் தள்ளி வைத்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்கா போகிறேன் என்றாள். எனக்கு அது இன்னோர் அடி. எனக்காக இருந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தேன். ரோய்சி விமான நிலையத்துக்கு அம்மாவும் நானும்தான் போனோம். அப்பாவுக்கு வேலை. அம்மா மிளகாய்த்தூளும் முறுக்கும் கட்டிக் கொடுத்தார். அக்கா அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, "சின்னம்மா, போட்டு வாறன்" என்றாள். எங்கள் ஆட்கள் சொல்வதுபோலவே சொன்னாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா என் தலையைப் பிடித்துத் திருப்பினார். அப்போது அவள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டாள். தாத்தாவின் தொப்பி மட்டும் தெரிந்தது.

தாத்தாவும் பாட்டியும் இப்போது இல்லை. அக்கா அந்த வீட்டிலேயே இருக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குச் செரோக்கி படிப்பிக்கிறாள். ஒவ்வொரு கிழமையும் அம்மாவோடு கதைக்கிறாள். என் கல்யாணத்துக்கு வந்தாள். அப்பாவுக்குக் கை கொடுத்து, "சுகமோ?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவர்களுக்கிடையில் பேச்சில்லை. அம்மா அப்பாவை விட்டுப் போகவுமில்லை. ஆனால் அப்பா என்ன சொன்னாலும், "அப்பிடியோ" என்பார். பிறகு தானே போய் விசாரிப்பார். பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பா சொன்னாலும், தரிப்பிடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இத்தனை வருடமாக.

கடந்த மாரியில் அப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அம்மா ஓல்னேயில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால் நான் துணைக்கு இருந்தேன். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அடுத்த அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்தார். சாக்குச் சொல்வார், அழுவார், அல்லது என்னை ஏசுவார் என்று நினைத்தேன்.

"சின்னப் பிள்ளைதானே" என்றார். "கொஞ்ச நாளிலை மறந்திடுவாள் எண்டு நினைச்சன்."

அடுத்த அறையில் மகள் பிரெஞ்சுக் கவிதை ஒன்றைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அப்பா, கண் டொக்டரிடம் போகவேண்டிய அடுத்த ரந்தேவூ எத்தனையாம் திகதி என்று கேட்டார்.